தலைமாட்டுச் சிவப்பு

சிமெண்டுத் தரையில் 48 துண்டுகள் பரப்பிக் கிடந்தன. ஒவ்வொன்றும் 10 அங்குலச் சதுரம். தையலுக்குப் பக்கத்துக்கு அரை அங்குலம் போனால் 9 நிற்கும். வரிசைக்கு ஆறு, மொத்தம் எட்டு வரிசை. தைத்து முடித்தால் ஆறடி நீளம், நாலரை அடி அகலத்தில் ஒரு போர்வை. வெட்டும் வேலை முந்தின நாளே முடிந்திருந்தது. எந்தத் துண்டு எங்கே என்பதுதான் பாக்கி.

கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் சாலையை விட்டுப் பிரியும் ஒரு சந்தில் அந்தத் தையல் கடை. ஒரு மெஷின், ஒரு வெட்டுப் பலகை, சுவரில் வரிசையாக நூல்கண்டுகள். தையல்கார அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். துணி கொடுத்த ஆயா கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து காலை பஸ்ஸில் இறங்கி வந்தவர். பேத்தி சேலத்தில் நர்சிங் படிக்கப் போகிறாள். விடுதிக்குக் கொண்டுபோகத்தான் இந்தப் போர்வை. சட்டை ஒன்றைச் சின்னதாக்கக் கொடுத்துவிட்டு மூலை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். இருவரும் என் பக்கம் திரும்பவே இல்லை. அது நல்லதாயிற்று.

பழைய சேலைகளை இரண்டு மூன்றாக அடுக்கி, ஓரம் அடித்துப் போர்த்திக்கொள்வது தமிழ்நாட்டு வீடுகளில் எங்கும் உண்டு. மலையில் அதற்குத் தேவையும் அதிகம். சின்னக் கல்வராயன் சுமார் 2700 அடி உயரம், பெரிய கல்வராயன் 4000 அடி. மார்கழியிலும் தையிலும் கீழே கள்ளக்குறிச்சியில் ஒரு துண்டு போதும் என்கிற இரவில், மேலே இரண்டு போர்வை கேட்கும். ஆனால் அடுக்கித் தைப்பது வேறு, துண்டு துண்டாக வெட்டி இணைப்பது வேறு. முழுச் சேலையை அடுக்கும்போது நிறத்தைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை, மேலே இருப்பதுதான் நிறம். துண்டாக்கிவிட்டால் ஒவ்வொரு துண்டுக்கும் நாலு பக்கமும் நாலு அண்டை வீடு. அங்கே ஆரம்பிக்கிறது வழக்கு.

துணிகளைச் சொல்ல வேண்டும். மேல்மருவத்தூருக்கு மாலை போட்டபோது மருமகள் கட்டிய செவ்வாடை ஒன்று. மகன் சபரிமலைக்குக் கட்டிப்போன கருப்பு வேட்டி, பல வருஷம் துவைத்துச் சாம்பல் ஏறியது. ஆடியில் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு கட்டிய மஞ்சள் சேலை. ராமர் பச்சையில் ஒரு பழைய சேலை. கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று, வெங்காயத்தோல் நிற வாயில் ஒன்று. கட்டம் போட்ட லுங்கி. பேத்தி பள்ளிக்கூடத்துக்குப் போட்ட நீலத் தாவணி. கடைசியாக, ரேஷன் கடையில் வாங்கிய பொங்கல் சேலை, வெளிறிய ரோஜா உடல், கடுகு மஞ்சள் கரை. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1983-இல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டம் நெசவாளர்களுக்கு வேலையும் ஏழை வீடுகளுக்குப் பொங்கல் துணியும் தந்தது. கட்டிக் கிழிந்த பிறகு அந்தச் சேலைகள் தூளியாகவும் திரையாகவும் போர்வையாகவும் இன்னொரு சுற்று உழைப்பதை யாரும் கணக்கெடுத்ததில்லை.

கடையில் போய் மீட்டர் கணக்கில் நிறம் தேர்ந்தெடுத்துத் தைப்பவர்களின் வேலை வேறு. தஞ்சாவூர்ப் பக்கம் தேர்ச்சீலையும் தொம்பையும் செய்பவர்கள் அப்படித்தான். தேர் நகரும்போது தெருக்கோடியில் நிற்பவருக்கும் தெரிய வேண்டும் என்று சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை என அடர்ந்த நிறங்களை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றை வைத்துத் தைப்பார்கள். அங்கே நிறம் முதலில், துணி பிறகு. இங்கே துணி ஏற்கெனவே வந்துவிட்டது. ஒரு குடும்பம் பத்து வருஷத்தில் உடுத்திக் கழித்ததுதான் கையிருப்பு. எந்த நிறம் வேண்டும் என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. எதன் பக்கத்தில் எது என்று மட்டும் சொல்லலாம்.

தையல்கார அம்மா முதலில் செவ்வாடைத் துண்டுகள் ஆறையும் எடுத்து நடுவில் செவ்வகமாக வைத்தார்.

“நடுவுல வெச்சிடலாமா ஆயா? எடுப்பா இருக்கும்.”

“நடுவுல வேணாம் பாப்பா. தலைமாட்டுல வை. ஓம்சக்தி கோயிலுக்குக் கட்டிக்கினு போனது. கால் படக் கூடாது.”

“நடுவுல வெச்சா கால் படாதே.”

“பொரண்டு படுக்கும். சின்னப் புள்ள.”

சிவப்பு மேலே போனது. கருப்பு வேட்டியும் மேலே போனது, அது ஐயப்பனுக்கு மாலை போட்டது. மஞ்சளும் மேலே. மூன்று அடர்ந்த நிறங்களும் மேல் மூன்று வரிசையில் நெருக்கியடித்துக்கொள்ள, கீழே நீலத் தாவணியும் லுங்கியும் வெங்காயத்தோலும் ரோஜாவும் மிச்சம். தையல்கார அம்மா எழுந்து நின்று பார்த்தார். தலைமாடு திருவிழா, கால்மாடு துக்கம் என்பதுபோல இருந்தது. அவர் அப்படிச் சொல்லவில்லை. “மேல கனமா கெடக்குது” என்று மட்டும் சொன்னார்.

இந்த மாதிரி விஷயங்களைப் புத்தகங்கள் பேசுவதில்லை. வண்ணச் சக்கரம், எதிர்நிறம், ஒத்தநிறம் என்றெல்லாம் உண்டு. போர்வைக்குத் தலைமாடு, கால்மாடு என்று திசை உண்டென்றும், சில துணிகள் ஒரு திசைக்கு மேல் இறங்கக் கூடாதென்றும் எந்தச் சக்கரத்திலும் இல்லை. ஆனால் நம் வீடுகளில் பாய் விரித்த நாளிலிருந்து இருக்கிற கணக்கு இதுதான். ஆயா இதைக் கட்டுப்பாடாகச் சொல்லவில்லை. பந்தியில் இலையின் நுனி இடது பக்கம் என்பதைப்போல, அது அவருக்குச் சாதாரணம்.

இரண்டாவது கணக்கு அழுக்கு. கால்மாட்டில் வெளிறிய துணி வந்தால் ஒரு மாதத்தில் நிறம் மாறிவிடும். விடுதியில் வாளித் தண்ணீரில் துவைக்கப்போகும் பெண் அவள். ஆகவே வெங்காயத்தோல் கடைசி வரிசையிலிருந்து இரண்டு வரிசை ஏறியது. லுங்கித் துண்டுகள் ஆறும் அடி வரிசையாயின. லுங்கியின் கட்டங்களை ஒரே திசையில் வைக்காமல், ஒன்று நின்றால் அடுத்தது படுத்தபடி மாற்றி மாற்றி வைத்தார். ஒரே துணி என்று கண்ணுக்கு உடனே பிடிபடவில்லை.

மூன்றாவது சாயம். செவ்வாடையின் ஒரு மூலையை நனைத்து, வெள்ளைக் கந்தலில் வைத்துக் கட்டை விரலால் அழுத்தினார். எடுத்தபோது கந்தலில் மங்கலான ரோஜாப் பொட்டு. இத்தனை வருஷத் துவையலுக்குப் பிறகும் அந்தச் சிவப்பு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. உப்புத் தண்ணீரில் ஊறப்போடும் வழக்கம் உண்டு. ஆனாலும் வெங்காயத்தோலை அதன் பக்கத்தில் வைக்கும் தைரியம் அவருக்கு இல்லை. சிவப்புக்கு அண்டையில் கருப்பும் ராமர் பச்சையும் மட்டும் வரலாம் என்று முடிவாயிற்று. சாயம் ஏறினாலும் அவை காட்டிக்கொடுக்காது.

அப்போதுதான் அந்தக் கருப்பு வேட்டி ஒரு வேலை செய்தது. சிவப்புக்குப் பக்கத்தில் வைத்ததும் அதன் சாம்பலில் ஒரு பச்சை ஏறினாற்போலத் தெரிந்தது. எடுத்துப் பச்சைக்குப் பக்கத்தில் வைத்தார். அதே துண்டு இப்போது செம்பழுப்பாகத் தெரிந்தது. “இது வேற துணியா?” என்று ஆயா குனிந்து தொட்டுப் பார்த்தார். ஒரே துணிதான்.

பாரிஸில் கோப்ளான் நெசவுச்சாலையின் சாயப் பிரிவுக்கு 1824-இல் பொறுப்பேற்ற வேதியியல் அறிஞர் மிஷெல் யூஜின் செவ்ரலிடம் இதே போன்ற ஒரு புகார் வந்தது. நீலம், ஊதாத் துணிகளில் நிழல் காட்ட வைத்த கருப்பு நூல் போதிய கருப்பாக இல்லை, சாயத்தில் குறை என்றார்கள். அவர் நூலை வேறு இடங்களின் கருப்பு நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் குறையே இல்லை. பக்கத்து நிறம்தான் கருப்பைக் கெடுத்தது. அதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1839-இல் பெரிய நூலாக வெளியிட்டார். பிறகு வந்த ஓவியர்கள் அதைப் படித்துத் தங்கள் தூரிகையை மாற்றிக்கொண்டார்கள். பக்கத்தில் இருக்கும் நிறம் தன் எதிர்நிறத்தின் சாயலை அண்டை நிறத்தின்மேல் ஏற்றுகிறது என்பதுதான் அவர் கண்டது. கள்ளக்குறிச்சிச் சந்தில் அதற்குப் பெயர் வைக்கவில்லை. “பச்சையண்ட வெக்காத, நிறம் மாறுது” என்று ஆயா சொன்னார். தையல்கார அம்மா கருப்பைச் சிவப்புக்கே திருப்பிக் கொடுத்தார்.

நாலரை மணிக்கு அவருடைய மகள் பள்ளிக்கூடப் பையோடு வந்தாள். ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கிற பெண். தரையைப் பார்த்தாள், போனை எடுத்து ஸ்டூல்மேல் ஏறிப் படம் பிடித்தாள், அதைக் கருப்பு வெள்ளையாக மாற்றி அம்மாவிடம் நீட்டினாள்.

“இங்க பாரும்மா, செவப்பும் பச்சையும் ஒண்ணாயிடுச்சு.”

படத்தில் அந்த இரண்டு நிறமும் ஒரே சாம்பல். நேரில் சண்டை போட்டுக்கொண்டு நின்ற இரண்டும், நிறத்தை உருவிவிட்டால் ஒரே அடர்த்தி. மேல் மூன்று வரிசையும் மஞ்சள் தவிர ஒரே இருட்டாகத் தெரிந்ததற்குக் காரணம் இதுதான். கனம் சிவப்பால் வரவில்லை, அடர்ந்ததெல்லாம் ஒரே இடத்தில் கூடியதால் வந்தது. நிறம் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன். சிவப்பா பச்சையா என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். வெளுப்பா அடர்வா என்று கேட்க மாட்டார்கள். தூரத்திலிருந்து முதலில் தெரிவது இரண்டாவதுதான்.

ஆயா போனைப் பார்க்கவில்லை. வாசற்படிக்கு அப்பால் போய் நின்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு தரையைப் பார்த்தார். இமை பாதி இறங்கினால் நிறம் மங்கி அடர்த்தி மட்டும் நிற்கும். “ராமர் பச்சையக் கீழ எறக்கு. அது சும்மா கட்டின சேலதான்” என்றார். பெண்ணின் போன் சொன்னதும் அதுவே.

பச்சை கீழே இறங்கியது. அது விட்டுப்போன இடங்களில் பொங்கல் சேலையின் வெளிறிய ரோஜா ஏறியது. சிவப்பைத் தொடாமல், மஞ்சளுக்கும் கருப்புக்கும் நடுவில். இப்போது மேலே மூச்சு விட இடம் கிடைத்தது. ஆனால் கீழே பார்த்தால் நீலம், பச்சை, லுங்கி. கண் மேலேயே நின்றது. கீழே இறங்க அதற்கு ஒரு காரணம் வேண்டும். மஞ்சளில் இரண்டு துண்டு கீழே போட்டால் சரியாகிவிடும் என்று தையல்கார அம்மாவுக்கும் தெரியும், ஸ்டூலில் இருந்த எனக்கும் தெரிந்தது. மஞ்சள் இறங்காது.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யவில்லை. வெட்டுப் பலகைக்கு அடியில் கிடந்த மிச்சத் துணியை இழுத்துத் துழாவினார். பொங்கல் சேலையின் கரை, இரண்டு அங்குல அகலத்தில் நீளமாக வெட்டிப் போட்டது, சுருண்டு கிடந்தது. அதை நீவி, நீலத் தாவணித் துண்டின் நடுவில் குறுக்காக வைத்தார். கடுகு மஞ்சள். மேலே இருந்த மாரியம்மன் மஞ்சளுக்கும் இதற்கும் கொஞ்சம் வித்தியாசம் உண்டு, ஆனால் நீலத்தின் மேல் வந்ததும் அது பளிச்சென்று ஏறி, மேல் மஞ்சளோடு போய்ச் சேர்ந்துகொண்டது. நாலு நீலத் துண்டுகளில் கரையை வைத்தார். ஒரேயடியாகப் போர்வை முழுவதும் ஒன்றாயிற்று.

ஆயாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மஞ்சள்தானே, மறுத்துவிடுவாரோ என்று.

“இது ரேஷன் சேல கர தானே? வை.”

“மஞ்சளாச்சே ஆயா, கால்மாட்டுல.”

“நெறத்துல என்ன பாப்பா இருக்குது? கட்டிக்கினு போய்க் கும்பிட்டது அது. இது அப்படியா?”

கண்ணுக்கு இரண்டும் ஒரே மஞ்சள். ஆயாவுக்கு இரண்டும் ஒன்றே இல்லை. அந்த இடைவெளியில்தான் அந்தப் போர்வை சரியானது. தையல்கார அம்மா அந்த இடைவெளியைத் தேடிக் கண்டுபிடித்ததை நான் பெரிய திறமை என்றே சொல்வேன். ஓவியக் கல்லூரியில் நிறம் படித்தவர் ஒருவர் இந்த மூலையில் உட்கார்ந்திருந்தால் மஞ்சளைக் கீழே இறக்கச் சொல்லி வாதாடியிருப்பார்; அல்லது ஆயாவின் சொல்லுக்குப் பணிந்து மேலே கனமாகவே விட்டிருப்பார்.

மூட்டையில் இன்னும் ஒன்று இருந்தது. நாலாக மடித்த வெள்ளை வேட்டி. ஆயா அதைக் கடைசிவரை எடுக்கவில்லை. இறந்துபோன கணவருடையது என்று இருவரும் பேசிக்கொண்டதிலிருந்து தெரிந்தது. போனவர் துணியை வண்ணாரிடம் கொடுத்துவிடுவதுதான் வழக்கம் என்றும், இது மட்டும் எப்படியோ தங்கிவிட்டது என்றும் சொன்னார். இதை எங்கே வைப்பது? மேலே வைத்தால் அழுக்காகும், செவ்வாடைச் சாயம் ஏறும். வெள்ளைத் துண்டு ஒன்று நடுவில் வந்தால் அதுவரை போட்ட கணக்கெல்லாம் கலைந்து, கண் அங்கேயே போய் நிற்கும். தையல்கார அம்மா யோசித்து, “உள்ள குடுத்துடட்டுமா?” என்றார். மேல் துணிக்கும் அடித் துணிக்கும் இடையில் அடைக்க ஒரு துணி எப்படியும் வேண்டும். அங்கே நிறம் கேட்பாரில்லை.

“உள்ளயா?” என்று ஆயா கேட்டார். “நெஞ்சுக்கு நேரா வர்ற மாதிரி குடு.”

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில், ஆற்று வளைவில் ஜீஸ் பெண்ட் என்று ஓர் ஊர். பருத்திக்காட்டு அடிமைகளாய் இருந்தவர்களின் சந்ததிப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே ஒட்டுப்போர்வை தைத்தார்கள். 2002-இல் அவை ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கிலும் தொங்கியபோது நவீன ஓவியங்களுக்குச் சமமாகப் பேசப்பட்டன. 2006-இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றை அஞ்சல்தலையாக்கியது. அந்த ஊரில் மிசூரி பெட்வே என்கிற பெண் 1942-இல், இறந்துபோன கணவரின் வேலைத் துணிகளை எடுத்து ஒரு போர்வை தைத்தார். வெளுத்த நீலமும் பழுப்பும் வெள்ளையும் நெடுக்குப் பட்டைகளாக, நடுவில் கொஞ்சம் சிவப்போடு மேலாகவே தெரியும்படி தைத்தார். அவருக்கு அது கண்ணுக்குத் தெரிய வேண்டியிருந்தது. வெள்ளிமலை ஆயாவுக்கு உள்ளே இருந்தால் போதும். இரண்டும் ஒரே காரியத்துக்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் பக்கத்திலும் உண்டு. கர்நாடகத்தின் உத்தர கன்னடக் காடுகளில், ஆப்பிரிக்கா வழி வந்த சித்தி இனத்துப் பெண்கள் ‘கவந்தி’ என்று ஒட்டுப்போர்வை தைக்கிறார்கள். அவர்கள் முதலில் பரப்பி வைத்துப் பார்ப்பதில்லை. ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்ளே வருவார்கள். கை போகிற போக்கில் அடுத்த துண்டு என்ன நிறம் என்பது முடிவாகும். முடிவில் நாலு மூலையிலும் மடித்த துணியால் பூ வைப்பார்கள். அது இல்லாமல் போர்வை முடிந்ததாக அவர்கள் எண்ணுவதில்லை. முன்கூட்டிப் பரப்பிப் பார்ப்பதுதான் ஒரே வழி என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் தலைமாடு கால்மாடு பார்க்கிற வீட்டுக்குப் பரப்பாமல் முடியாது.

மணி ஐந்தரை தாண்டியது. சந்தில் வெளிச்சம் குறைந்ததும் செவ்வாடைதான் முதலில் கருத்தது. நீலமும் பச்சையும் இன்னும் தெரிந்துகொண்டிருந்தன. அந்தி வெளிச்சத்தில் கண் சிவப்பை முதலில் விட்டுவிடும் என்பதைச் செக் நாட்டு அறிஞர் புர்க்கின்யே 1825-இல் எழுதிவைத்தார். டியூப் லைட்டைப் போட மகள் சுவிட்சுக்குப் போனாள். “போடாத, லைட்டுல பாத்தா மறுபடி மாத்தத் தோணும்” என்று அம்மா தடுத்தார். இருக்கிற வெளிச்சத்திலேயே சாக்பீசை எடுத்து ஒவ்வொரு துண்டின் பின்பக்கத்திலும் எண் போட்டார். ஒன்று முதல் ஆறு மேல் வரிசை, ஏழு முதல் பன்னிரண்டு அடுத்தது. ஒவ்வொரு வரிசையையும் இடமிருந்து வலமாக அடுக்கி ஊக்கு குத்தினார். எட்டு அடுக்கு.

கடைசியாக நூல். துண்டுகளை இணைக்கும் நூல் உள்ளே போய்விடும். ஆனால் மேல், உள், அடி மூன்று துணிகளையும் சேர்த்துப் பிடிக்க மேலே ஓட்டுத்தையல் போட வேண்டும், அது போர்வை முழுக்கத் தெரியும். பத்து நிறத்துக்கும் பொதுவாக எந்த நூல்? கருப்பு போட்டால் ரோஜாவில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும் என்றாள் மகள். வெள்ளை போட்டால் கருப்பு வேட்டிமேல் பல்லிளிக்கும் என்றார் அம்மா. சாம்பல் நூல்கண்டை எடுத்து ஓர் இழையை உருவி, ஒவ்வொரு அடுக்கின் மேலும் வைத்துக் காட்டினார். கருப்பிலும் அடங்கியது, வெங்காயத்தோலிலும் அடங்கியது. ஆயா இழையைக் கையில் வாங்கி இழுத்துப் பார்த்தார். நிறத்தைப் பார்க்கவில்லை, அறுகிறதா என்று பார்த்தார்.

“ரெட்ட நூலாப் போடு.”

“சரி ஆயா. வெள்ளிக்கெழம வந்து வாங்கிக்கறீங்களா?”

“புள்ள வெள்ளிக்கெழம காலையிலயே கெளம்புது.”

“அப்ப வியாழக்கெழம தந்துடறேன். சாயந்தர பஸ்ஸுக்கு முன்னாடி வந்துடுங்க.”